மர்பி டவுன் கூரைகளில் ஏறப்போகும் தம்பிக்கு

பெங்களூர் மர்பி டவுனில் மழைத்தண்ணீர் அடைப்பு எடுக்கும் வேலைக்கு வருகிறவன் இரண்டு காலத்து வீடுகளைப் புரிந்துகொள்ள வேண்டும், தம்பி. ஒரு காலத்தில் நாக்ஸ்பேட்டை என்று சொல்லப்பட்ட இடம் இது. கண்டோன்மென்ட் நிர்வாகத்தில் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியராக இருந்த மர்பி இங்கே எளிய குடும்பங்களுக்கு வீடுகள் திட்டமிட்டதால் அவர் பெயர் ஊருக்கு நின்றுவிட்டது. அந்தக் காலத்துச் சாயலில் ஓட்டுக்கூரையும் தகர வாய்க்காலுமாக இன்னும் சில வீடுகள் மிச்சம் இருக்கின்றன. அவற்றை ஒட்டியே, அதே சின்ன மனையில், மூன்று மாடி நான்கு மாடி என்று தீப்பெட்டி அடுக்கினாற்போல் புது வீடுகள். பழைய வீட்டில் இலை அடைக்கும், புது வீட்டில் பிளாஸ்டிக் கவர் அடைக்கும். இரண்டிலும் ஏறச் சொல்லி உன்னைத்தான் கூப்பிடுவார்கள்.

வேலையின் நுட்பத்தை ஒரு பருவத்தில் பழகிவிடலாம். அதைவிட நாள் பிடிப்பது ஒன்று உண்டு: "இது வேண்டாம் அண்ணா, நான் இறங்குகிறேன்" என்று கூச்சமில்லாமல் சொல்வது. நான் பார்த்தவரை இந்தத் தொழிலில் விழுந்தவர்களில் பாதிப்பேரை உயரம் தள்ளவில்லை, வெட்கம்தான் தள்ளியது. கீழே சொல்வதெல்லாம் அதைச் சுற்றித்தான் வரும்.

1. ஏறாமல் முடியுமா என்று முதலில் பார். ஓட்டு வீட்டின் தாழ்வாரம் ஒன்பது, பத்து அடி உயரம்தான். நீளக் கோலின் நுனியில் எண்ணெய் கேனைச் சாய்வாக வெட்டிக் கட்டினால், தரையில் நின்றபடியே வாய்க்காலிலுள்ள சேற்றை வழித்துவிடலாம். மாடி வீட்டில் தண்ணீர் இறங்கும் தூம்பு மொட்டைமாடிக்குள்ளேதான் இருக்கும். படியேறிப் போய், கைப்பிடிச் சுவருக்கு உள்ளே குந்தி உட்கார்ந்து, ஜாலியைக் கழற்றி இலையை அள்ளினால் பாதி வீடுகளில் வேலை அங்கேயே முடிந்தது. எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. ஏணி போட்டு உயரத்தில் நின்றால்தான் வீட்டுக்காரர் கூலியைத் தாராளமாகக் கொடுப்பார் என்ற நினைப்பில், தேவையில்லாத இடத்திலும் ஏறினோம். வேடிக்கை பார்க்கிறவருக்காக ஏறாதே.

2. பருவத்தை முந்திக்கொள். பெங்களூரில் தை, மாசியில் மரங்கள் இலை கொட்டும். சித்திரையில் மாங்காய் மழை இடியோடு வரும். அதற்கு முன் ஒருமுறை கூரையைச் சுத்தம் செய்துவிட வேண்டும். பிறகு ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை, ஏனென்றால் இங்கே செப்டம்பரும் அக்டோபரும்தான் கொட்டித் தீர்க்கும் மாதங்கள். ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பெய்யும் ஊரில் 2017-இல் 1,696 மில்லிமீட்டர் பெய்தது. 2022-இல் அந்தக் கணக்கும் உடைந்தது. அடைப்பு இருந்தால் என்ன ஆகும் என்று வீட்டுக்காரருக்குக் கணக்காகச் சொல். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரே ஒரு அங்குலம் தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 2,360 லிட்டர், அதாவது இரண்டே கால் டன்னுக்கு மேல் எடை. நான்கு அங்குலம் நின்றால் ஒன்பது டன்னைத் தாண்டும். இதைக் கேட்டவர் மார்ச்சிலேயே கூப்பிடுவார். கேட்காதவர் மழை கொட்டும் ராத்திரியில் போன் செய்வார். அப்போது, "மாடிக் கதவைத் திறந்து, உள்ளே நின்றபடி கோலால் தூம்பின் வாயை மட்டும் விலக்கிப் பாருங்கள், இடி இடித்தால் அதுவும் வேண்டாம், விடிந்ததும் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கு. ராத்திரி மழையில் ஏறி நல்ல பெயர் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவர்கள் மறுநாள் செய்தது ஒன்றுமில்லை.

3. ஏணிக்கு இடம் இல்லையென்றால் ஏணி இல்லை. சாய்வுக்கு ஒரு கணக்கு உண்டு: நான்கு அடி உயரத்துக்கு ஒரு அடி தள்ளி ஏணியின் கால் நிற்க வேண்டும். இருபது அடியில் சாய்த்தால் சுவரிலிருந்து ஐந்து அடி. நம் தெருக்களில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டாகத்தான் நுழைய முடியும். ஐந்து அடிக்கு எங்கே போவாய்? செங்குத்தாக நிறுத்திய ஏணி பின்பக்கம் சாயும், அதிகம் சாய்த்தது கால் வழுக்கிப் போகும். கூரைமேல் இறங்கப்போவதென்றால் ஏணியின் தலை விளிம்பைத் தாண்டி மூன்று அடியாவது நீண்டிருக்கட்டும். மேல் மூன்று படிகளில் நிற்காதே. இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும் எப்போதும் ஏணியில் இருக்கட்டும். வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறாமல், மேலே போனபின் கயிற்றில் இழு. ஏணித் தலையைக் கட்டும்வரை கீழே ஒருவன் பிடிக்க வேண்டும். தகர வாய்க்கால்மேல் ஏணியைச் சாய்ப்பது ஒரு பழக்கம் இங்கே. இலையும் சேறும் தாங்கி இற்றுப்போன தகரம் ஆளையும் தாங்கும் என்று எப்படித்தான் நம்புகிறார்களோ. பக்கத்தில் எட்டாத இடம் வந்தால் உடம்பை வளைக்காதே. பெல்ட் பக்கிள் ஏணியின் இரண்டு கால்களுக்கு நடுவே இருக்கும்வரைதான் உன் எல்லை. இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏறு. "இன்னும் ஒரு முழம்தானே" என்று எட்டிய ஒருவனை மாடியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பிழைத்தான், முழங்கை மட்டும் இன்றைக்கும் நேராக நீளாது. கீழே பிடித்துக்கொண்டிருந்தவன் டீ குடிக்கப் போயிருந்தான்.

4. பயம் வந்தால் வாய்விட்டுச் சொல். எங்கள் காலத்தில் பயத்தை மறைக்க இடுப்பில் ஒரு கயிற்றைச் சுற்றி, மறுமுனையைத் தண்ணீர்த் தொட்டியின் காலில் கட்டி, தைரியம் என்று அதற்குப் பெயர் வைத்தோம். இடுப்புக் கயிற்றில் விழுந்தவனுக்கு விலாவும் முதுகும் போய்விடும், தலைகீழாக நழுவவும் கூடும். நீ உடம்பு முழுக்கப் பிடிக்கும் ஹார்னெஸ் வாங்கு. லேபிளில் ஐ.எஸ். 3521 என்று இருக்கிறதா பார். பட்டையில் வெட்டு, தீய்ந்த தடம், பிரிந்த தையல் இருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிடு, யாருக்கும் தானம் கொடுக்காதே.

ஆனால் ஹார்னெஸ் போட்டவனும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஆறு அடிக் கயிறு, அதன் அதிர்ச்சி தாங்கும் பட்டை பிரிந்து நீளும் நீளம், அதற்குக் கீழே உன் உடம்பு, எல்லாம் கூட்டினால் பதினெட்டு, இருபது அடி வெறும் காற்று வேண்டும். ஒற்றை மாடி வீட்டில் அந்த இடைவெளியே கிடையாது. கயிறு இறுகுமுன் தரை வந்துவிடும். ஆகவே கயிற்றைக் குறுக்கிக் கட்டு. விளிம்பை நெருங்கும்போதே உன்னை இழுத்து நிறுத்தும் அளவுதான் அதன் நீளம். விழுந்தபின் பிடிப்பதைவிட விழ முடியாத இடத்தில் கட்டிவைப்பது மேல். எதில் கட்டுவது? படிக்கட்டு அறையின் கான்கிரீட் தூணில். நம் மொட்டைமாடிகளில் சோலார் ஹீட்டரின் தாங்கி, டிஷ் கம்பம், துணி காயும் கொடிக்கம்பி என்று எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் நிற்கும். எதுவும் ஆளைத் தாங்காது. கைப்பிடிச் சுவரும் நான்கு அங்குலச் செங்கல்லாக இருக்கலாம், நம்பாதே. தூண் கிடைக்கவில்லையென்றால் அந்த வேலை உனக்கு இல்லை. சாரம் கட்டிச் செய்கிறவர் யாரையாவது கைகாட்டிவிட்டு வா.

5. கூரை உன்னைத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளாதே. மங்களூர் ஓட்டை 1865-இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் செய்ய ஆரம்பித்தார்கள். மழைக்காக அச்சில் வார்த்த அந்த ஓட்டை உன் குதிகாலுக்காக யாரும் வார்க்கவில்லை. நடந்தே தீரவேண்டுமென்றால் கீழே மரச்சட்டம் ஓடும் வரிசை எது என்று உள்ளே போய்ப் பார்த்துக்கொள், பலகை போட்டு அதன்மேல் எடையைப் பரப்பு. வெளிச்சத்துக்காக இடையே பதித்த கண்ணாடி ஓடு பாசி படிந்து மற்ற ஓட்டைப்போலவே தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இன்னும் மோசம்: பார்க்கக் கல்லாட்டம் இருக்கும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரேயடியாக உடையும். ஷீட் போட்ட கொட்டகையின் மேல் பலகை இல்லாமல் கால் வைக்காதே, "போன வருஷம் பெயின்டர் நடந்தானே" என்று யார் சொன்னாலும் சரி. காலையில் பனி ஈரம் காயட்டும், உச்சி வெயிலில் ஓடு சுடும். ஒன்பது மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டுக்குள் முடி.

6. மின்கம்பியிடம் மரியாதை வேண்டும். மாடிகள் தெருப்பக்கம் நீண்டு நீண்டு பெஸ்காம் கம்பியைத் தொடப் போகின்றன. அலுமினிய ஏணியும் ஈரக் கோலும் பத்து அடிக்குள் போகக் கூடாது. கம்பி பக்கத்தில் இருந்தால் 1912-க்குப் போன் செய்து மின்சாரத்தை நிறுத்தக் கேட்கும்படி வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வா. இதில் பேரம் கிடையாது.

7. மேலே ஏற்கெனவே குடியிருப்பவர்களைக் கவனி. மூன்றாம் மாடி சஜ்ஜாவுக்கு அடியில் மலைத்தேனீ கூடு கட்டும். ஏறுமுன் தரையில் நின்று எல்லாப் பக்கமும் அண்ணாந்து பார். கூடு இருந்தால் கல், புகை, வீரம் எதுவும் வேண்டாம், அன்றைக்கு வேலை இல்லை. கயிற்றில் கட்டியிருப்பவனால் தேனீயிடமிருந்து ஓட முடியாது. புறா எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்கினால் தூசியோடு நோயும் நெஞ்சுக்குள் போகும். முதலில் தண்ணீர் தெளித்து நனை, மாஸ்க் போட்டுக்கொள். குழாய் மூட்டில் அரசங்கன்று முளைத்திருந்தால் சிறிதாக இருக்கும்போதே வேரோடு எடுக்க வேண்டும், விட்டால் சுவரைப் பிளக்கும். ஆனால் வீட்டுப் பெரியவர்களைக் கேட்காமல் பிடுங்காதே. அரசை வெட்ட மனம் வராதவர்கள் இங்கே நிறையப் பேர். "கோயில் பக்கமாக நட்டுவிடுகிறேன் பாட்டி" என்று சொல்லி எடுத்தால் ஆசீர்வாதத்தோடு காப்பியும் கிடைக்கும். சொன்னபடி நட்டுவிடவும் வேண்டும்.

8. அடைப்பைக் கீழிருந்து தொடங்கு. மேலிருந்து கம்பியால் குத்தினால் இலைக்கட்டி இன்னும் கீழே போய் எல்போவில் இறுகிக்கொள்ளும், அவ்வளவுதான். அடியிலுள்ள மூடியைத் திறந்து பார். திறக்கும்போது எதிரே நிற்காதே. முப்பது அடி உயரத்துக்குத் தண்ணீர் நிரம்பிய நான்கு அங்குலக் குழாயில் எழுபது லிட்டருக்கு மேல் நிற்கும். அத்தனையும் முகத்தில் அடித்தால், கீழே நிற்பவனும் விழுவான். மேலே தேங்கிய தண்ணீருக்குள் தூம்பைத் தேடிக் கையை விடாதே. அடைப்பு சட்டென்று விட்டால் தண்ணீர் கையை உள்ளே இழுக்கும், அதோடு உடைந்த பாட்டிலும் பிளேடும் தேளும் அங்கேதான் இருக்கும். கோல் போடு, கையுறை போடு. ஆசிட் ஊற்றாதே. அது தகரத்தை அரிக்கும், யாராவது முன்பே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் விஷப்புகை வரும். குழாயிலிருந்து நீ எடுக்கப்போகும் பொருட்களின் பட்டியல் வேடிக்கையானது: ரப்பர் பந்து, துணி கிளிப், காற்றாடி நூல், ஷாம்பு பாக்கெட், ஒருமுறை ஒரு முழு வெள்ளித் தண்டை. தண்டையை உடனே கொடுத்துவிடு. பந்தையும்தான், பந்துக்காகப் பையன்கள் சுவரேறுவதை அது தடுக்கும்.

9. எடுத்த சேற்றை எங்கே போடுகிறாய் என்பதை வைத்து உன்னைத் தெரு எடைபோடும். மேலிருந்து வீசினால் பக்கத்து வீட்டுத் துணிமேல் விழும், பிறகு தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு நான்கிலும் வசவு வாங்குவாய். சாக்கில் கட்டிக் கயிற்றில் இறக்கு. மட்கிய இலை நல்ல எரு, யாராவது தொட்டிச் செடிக்குக் கேட்பார்கள். தெருச் சாக்கடையில் தள்ளுவது மட்டும் கூடாது, நாளைக்கு அதே அடைப்பு பத்தடி கீழே வரும். இன்னொன்றும் பார்: பல வீடுகளில் மழைக்குழாயைக் கழிவுநீர் மேன்ஹோலில் சேர்த்திருப்பார்கள். பெரிய மழையில் கீழ்த்தெரு வீட்டுக் கக்கூஸ் பொங்குவதற்கு அதுவும் காரணம். பக்குவமாக எடுத்துச் சொல். 2009-இலிருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளுக்கு மழைநீர் சேகரிப்பு இங்கே கட்டாயம். நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து காவிரியை மேலேற்றிக் குடிக்கிற ஊர் இது. 2024 மார்ச்சில் டேங்கருக்கு வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வாய்க்காலில் வாரக்கணக்கில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு வளரும் என்பதையும் சொல். நீ சொல்வதைக் கேட்டு அவர் குழாயை மாற்றினால் உனக்கு வேலை குறையும். குறையட்டும்.

10. சம்ப்பிலும் மேன்ஹோலிலும் இறங்காதே. இதை மட்டும் உன் அம்மாமேல் சத்தியம் பண்ணு. கூரை வேலை முடியும் நேரத்தில் வீட்டுக்காரர் மெல்லச் சொல்வார்: "அப்படியே அந்தச் சம்ப்பையும் ஒரு பார்வை பாருப்பா, முந்நூறு சேர்த்துத் தரேன்." மூடியே கிடந்த தொட்டியில் இலை அழுகி, இருக்கிற ஆக்ஸிஜனைத் தின்றிருக்கும். வாசனையை வைத்து அது தெரியாது. இறங்கினவன் உட்கார்ந்தாற்போல் சரிவான். அவனைத் தூக்கக் குதித்தவனும் அங்கேயே போவான். இரண்டாவதாகப் போனவர்களில் அண்ணனும் தம்பியும் அப்பாவும் எத்தனை பேர். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை முப்பது லட்சமாக உயர்த்தியது. அந்த முப்பது லட்சம் நம் வீட்டுக்கு வேண்டாம். இந்த வேலையை எந்தெந்தத் தெருக்காரர்களிடம் கேட்பார்கள், யாரிடம் கேட்க மாட்டார்கள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்: தலையை நிமிர்த்தி, "மெஷின் கூப்பிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வா.

11. கூலியைப் பேசும்போது இரண்டு ஆள் கூலியாகப் பேசு. ஒருவன் போதுமே என்று குறைக்கப் பார்ப்பார்கள். கீழே நிற்பவன் சும்மாதானே நிற்கிறான் என்பார்கள். ஹார்னெஸில் தொங்குகிறவனுக்குக் காலில் ரத்தம் தேங்கிச் சில நிமிடத்தில் மயக்கம் வரலாம். அப்போது கயிற்றை இறக்க அந்தச் சும்மா நிற்பவன்தான் வேண்டும். யாராவது விழுந்துவிட்டால் தூக்கி ஆட்டோவில் போடாதே, கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் 108-ஐக் கூப்பிடு. சாப்பிட்டுவிட்டு ஏறு, தண்ணீர் குடி. நாற்றம் தெரியாமலிருக்க ஒரு கட்டிங் போட்டுக்கொள்ளலாம் என்று சீனியர் யாராவது சொல்லுவான். அவன் நல்லவனாகவே இருக்கலாம். இருந்தாலும் அவனோடு ஏணி பங்குபோடாதே.

12. முதல் பருவம் முழுக்க நீ மேலே ஏறப்போவதில்லை. கோபம் வரும், வரட்டும். கீழே நின்று ஏணி பிடி, சாக்கை இறக்கு, கயிற்றைச் சுற்று. மேலே இருப்பவன் கால் நடுங்குகிறதா, பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்குகிறானா என்று பார். நடுங்கினால் இறங்கச் சொல், வயதில் உன்னைவிடப் பெரியவனாக இருந்தாலும் சொல். ஹார்னெஸ் மாட்டுவதை நம் வீட்டுத் திண்ணையிலேயே கண்ணை மூடிக்கொண்டு பழகு. ஞாயிற்றுக்கிழமை எஸ்.பி. ரோட்டில் பல கடைகள் மூடியிருக்கும், ஆகவே சனிக்கிழமை காலையில் வா, சேர்ந்து போய் ஹார்னெஸ் வாங்குவோம். ரப்பர் அடி ஷூ உன் காலுக்கு என்ன சைஸ் என்று அம்மாவிடம் கேட்டு வை.